தண்டவாளத்தில் வைத்த காசு!

கொடைரோடு ரெயில் நிலையம் பெரிய நிலையம் அல்ல. ஆனால் அதன் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. கொடைக்கானல் மலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். நிலையம் இருக்கும் ஊர் அம்மையநாயக்கனூர். ஆனாலும் மலைக்குப் போகும் வழி என்பதால் 'கொடைரோடு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ரெயில் பாதை போகும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. அது கொடைரோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நன்றாகத் தெரியும். கையில் ஒரு காசு. அதைத் தண்டவாளத்தின் மேல் வைக்க வேண்டும். பிறகு ஓடிப்போய்ப் புதர் மறைவில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ரெயில் வரும். தடதடவென்று போகும். போன பிறகு தேடிப் பார்த்தால், காசு அப்பளம்போல் நசுங்கிக் கிடக்கும்.

எதற்காக இந்த வேலை?

"ரெயில் ஏறினால் காசு காந்தமாக மாறிவிடும்!"

யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. அண்ணன் சொன்னான். அண்ணனுக்கு அவன் வகுப்புப் பையன் சொன்னான். அந்தப் பையனின் மாமா ரெயில்வேயில் வேலை பார்க்கிறாராம். அப்புறம் பொய்யாக இருக்குமா?

பொய்தான்! அந்தக் காலத்துப் பத்துப் பைசாவும் ஐந்து பைசாவும் அலுமினியக் காசுகள். அலுமினியத்தின் மேல் ஒரு ரெயில் என்ன, ஓராயிரம் ரெயில் ஏறினாலும் அது காந்தமாகாது. 1988-ல் எஃகுக் காசுகள் வந்தன. அந்தக் காசைக் காந்தம் இழுக்கும். ரெயில் ஏறாமலே இழுக்கும்! நசுங்கிய காசைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோன பையன், அது ஒட்டிக்கொண்டதைப் பார்த்து, "பலித்துவிட்டது!" என்று குதித்தான். நசுங்காத காசையும் கொண்டுபோய்ப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். யார் பார்த்தார்கள்?

பத்துப் பைசாவோடு போன பொய் அது. தண்டவாளத்தின் பக்கம் போவது ஆபத்து. சட்டப்படி குற்றமும் ஆகும். அதற்காக அப்பா முதுகில் இரண்டு வைத்திருப்பார். அவ்வளவுதான் நஷ்டம்.

ஆனால் அந்தப் பையன் வளர்ந்தான். பெரியவன் ஆனான். காசைப் பற்றிய பொய்யும் கூடவே வளர்ந்தது. இப்போது அது பத்துப் பைசாவோடு போவதில்லை. வீட்டையே கொண்டுபோகிறது!

தகர டப்பா

பொய்யின் கதைக்கு முன்னால், பிள்ளைகளின் தகர டப்பாவைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம்.

காசு சேர்க்கும் பழக்கம் பெரும்பாலும் பாட்டியின் சுருக்குப்பையில்தான் தொடங்கும். வெற்றிலை, பாக்கு, புகையிலை. அவற்றுக்கு அடியில் சில செல்லாக் காசுகள். பாட்டி நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்டால் ஒன்று கிடைக்கும்.

முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஓட்டைக் காலணா. நடுவில் பெரிய ஓட்டை போட்ட செம்புக் காசு. 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. உலக யுத்தம் நடந்த காலம் அது. செம்புக்குத் தட்டுப்பாடு. நடுவில் ஓட்டை போட்டால் அந்த அளவு செம்பு மிச்சம். அதனால் வந்த ஓட்டை! பிள்ளைகளுக்கு அது வசதியாகப் போயிற்று. கயிற்றில் கோத்து அரைஞாணில் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்தது, 1950-ல் குடியரசு ஆன பிறகு வந்த காசுகள். குதிரை போட்ட காலணா. காளை போட்ட சதுர அரையணா. நெளிநெளியான விளிம்பு கொண்ட ஓரணா. அப்போதைய கணக்கை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். 3 தம்பிடி ஒரு காலணா. 4 காலணா ஓரணா. 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1-ந் தேதி இந்தக் கணக்கு மாறியது. ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆயிற்று. அணா போய்விட்டது. ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை. 25 பைசாவை "நாலணா" என்றும், 50 பைசாவை "எட்டணா" என்றுமே மக்கள் சொல்லிவந்தார்கள். இன்றும் சொல்கிறவர்கள் உண்டு.

டப்பாவில் இருக்கும் மஞ்சள் நிறக் காசுக்குத் தனி மரியாதை. அது தாமரைப் பூப் போட்ட 20 பைசா. 1968 முதல் 1971 வரை அடித்தார்கள். "இதில் தங்கம் கலந்திருக்கிறது" என்று ஒரு பேச்சு. தங்கமாவது, மண்ணாவது! அது பெரும்பாலும் செம்பு. கூடச் சேர்ந்த உலோகத்தால் வந்தது அந்த மஞ்சள் நிறம். ஆனால் தாமரை லட்சுமிக்கு உரிய பூ அல்லவா? நிறமும் மஞ்சள். பூஜை அறைக்குப் போய்விட்டது காசு! இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. சாமி படத்தின் முன்னால் இருபது பைசா இருந்தால் என்ன கெட்டுவிட்டது?

இத்தனை கதையும் ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கிறது. சரித்திரப் பாடத்தில் தூங்கும் பையனும் இந்த டப்பாவைத் திறந்தால் விழித்துக்கொள்வான். காசு சேர்க்கும் பிள்ளையைத் திட்டும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

அரிசியை இழுக்கும் காசு

இனி, வளர்ந்துவிட்ட பொய்யைப் பார்ப்போம்.

ஒரு பழைய செம்புக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார். மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818' என்று இங்கிலீஷில் எழுத்து. ஓர் ஆசாமி அதைக் கொண்டுவருவான். "இதன் மேல் இடி விழுந்திருக்கிறது. உள்ளே இரிடியம் இருக்கிறது. அரிசியையே இழுக்கும். வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்கில் கொடுப்பான்" என்பான். கொஞ்சம் அரிசியைத் தட்டில் போட்டுக் காசை அருகே கொண்டுபோவான். அரிசி நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும்!

பார்த்தவருக்குத் தலை சுற்றும். பிறகு என்ன? "பரிசோதனை செய்ய விஞ்ஞானி வரவேண்டும். அவருக்கு ஐந்து லட்சம். அனுமதி வாங்க மூன்று லட்சம். லாபத்தில் உங்களுக்குப் பாதி" என்று கணக்கு விரியும். விஞ்ஞானியும் வருவார். உடல் முழுவதும் மூடிய உடை, முகமூடி எல்லாம் அணிந்து வருவார். அவரும் கூட்டாளிதான்! பணம் கைமாறிய மறுநாள் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்த மோசடியில் ஏமாந்தவர்கள் பலர். போலீசார் எத்தனையோ கும்பல்களைப் பிடித்திருக்கிறார்கள். ஆனாலும் புதிய கும்பல்கள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்தால் அது தவறு. படித்தவர்களும் பணக்காரர்களும் ஏமாந்திருக்கிறார்கள். கையில் பணம் இருப்பவனைத்தானே மோசடிக்காரன் தேடி வருவான்?

இதில் இருக்கும் ரகசியம் என்ன? இரிடியம் என்று ஓர் உலோகம் இருப்பது உண்மை. பிளாட்டினத்தின் இனம். விலையும் அதிகம். ஆனால் அது காந்தம் அல்ல. அரிசியை எந்த உலோகமும் இழுக்காது. முன்னதாகவே அரிசியில் இரும்புத் தூளைத் தடவி வைத்திருப்பார்கள். காசுக்கு அடியில் காந்தம் ஒளிந்திருக்கும். முடிந்தது வித்தை! உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் போல, உங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து வையுங்கள். ஒரு குருணைகூட நகராது.

1818 என்று போட்ட அந்தக் காசும் போலி. கம்பெனியார் அப்படி ஒரு செம்பு நாணயம் அடித்ததே இல்லை. கோயில் வாசல்களில் பக்திக்காக விற்ற வில்லைகளைப் பார்த்துச் செய்த சரக்கு அது. சாமி உருவம் போட்ட கம்பெனிக் காசு உண்டா என்றால், உண்டு. சென்னையில் கம்பெனியார் அடித்த தங்க வராகனில் சாமி உருவம் இருந்தது. ஆனால் அது சின்னஞ்சிறு தங்கக் காசு. இடி விழுந்து அரிசியை இழுக்கும் செம்புத் தட்டு அல்ல!

காசு காந்தமாகும் என்று பத்து வயதில் நம்பியவர், ஐம்பது வயதில் காசு அரிசியை இழுக்கும் என்று நம்புகிறார். இதுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொன்னாலும், நிலத்தை விற்றுக் கொடுத்தவர் வீட்டில் போய் அப்படிச் சொல்ல முடியாது.

கடலில் மூழ்கிய காசு

"பழைய காசு என்றால் விலை அதிகம்" என்பது எல்லாருடைய எண்ணம். இது பாதி கூட உண்மை இல்லை.

1835 என்று போட்ட கம்பெனிக் காலணா பலர் வீட்டில் இருக்கும். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகிவிட்டது. பெரிய விலை கிடைக்குமா? கிடைக்காது. கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய காசு அது. 1862 என்று போட்ட விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயும் அப்படியே. 1862-ல் அடித்ததற்கு மட்டும் அந்த வருஷம் போடவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அதே 1862-ஐப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள்!

இதைவிட விசேஷமான கதை ஒன்று உண்டு. சென்னை ராஜதானியில் புழங்குவதற்காக, இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1808-ல் செம்புக் காசுகள் அடித்தார்கள். பத்துக் காசு, இருபது காசு என்று பெயர். 'காசு' என்ற தமிழ்ச் சொல்லையே இங்கிலீஷ் எழுத்தில் பொறித்தார்கள். 'அட்மிரல் கார்டினர்' என்ற கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் அந்தக் கப்பல் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கிவிட்டது. சென்னைக்கு வரவேண்டிய காசுகள் கடலுக்கு அடியில் கிடந்தன. ஏறக்குறைய 175 வருஷம்! 1980-க்குப் பிறகு முத்துக் குளிப்பதுபோல் ஆட்கள் மூழ்கி அவற்றை எடுத்தார்கள். லட்சக்கணக்கில் கிடைத்தன. அதனால் அந்த இருபது காசு இன்றும் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் எதற்கு விலை? குறைவாக இருக்க வேண்டும். தேய்ந்து போகாமல் இருக்க வேண்டும். அதை வாங்க ஆள் இருக்க வேண்டும். ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட 1939-ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் அப்படிப்பட்டது. அந்த வருஷம் மிகக் குறைவாகவே வெளிவந்தது. உடனே போலிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மலிவாகக் கிடைக்கும் ரூபாயில் வருஷத்தை மட்டும் 1939 என்று மாற்றினார்கள். அரிய காசு எங்கே இருக்கிறதோ, அங்கே போலிக் காசும் இருக்கும்.

வீட்டில் நல்ல காசு இருந்தாலும் அதைக் கெடுக்கும் கை ஒன்று உண்டு. புளி! பித்தளைப் பாத்திரம்போல் பளபளக்க வேண்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பழங்காசு வாங்குகிறவர் அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்வார். காசின் மேல் படிந்த நிறம் போனால் மதிப்பும் போயிற்று.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் கிணறு வெட்டும்போதோ, உழும்போதோ பானையில் காசு கிடைத்தால், அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் அப்படிச் சொல்கிறது. மறைத்து வைத்தால் குற்றம்.

கைபேசியில் வரும் லட்சம்

இப்போது இடி விழுந்த காசுகூடத் தேவையில்லை. கைபேசியே போதும்.

"வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருக்கிறதா? பத்து லட்சம்!" "1985-ஆம் வருஷத்து ஒரு ரூபாயில் 'எச்' எழுத்து இருக்கிறதா? இரண்டு லட்சம்!" இப்படிப் படமும் பாட்டுமாக வருகிறது. வைஷ்ணவி தேவி காசு 2012-ஆம் வருஷத்தது. ஏராளமாகப் புழக்கத்தில் விட்ட காசு. 'எச்' ரூபாயின் கதை இன்னும் எளிது. 1985-ல் இங்கே காசுத் தட்டுப்பாடு. வெளிநாட்டில் கொடுத்து அடித்து வாங்கினார்கள். பர்மிங்காமில் ஹீட்டன் என்ற நாணயச் சாலையில் அடித்ததற்கு அடையாளம் அந்த 'எச்'. நம் ஊர் நாணயச் சாலைகளுக்கும் அடையாளம் உண்டு. வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். சாய்சதுரம் இருந்தால் பம்பாய். சின்னப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் சில்லறையைக் கொட்டி இன்றே பார்க்கலாம். காசு செலவில்லாத விளையாட்டு!

லட்சத்தை நம்பிப் போன் செய்தால் என்ன ஆகும்? "உங்கள் காசை எடுத்துக்கொள்கிறோம். முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். பிறகு கமிஷன். பிறகு வரி. ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட காகிதமும் அனுப்புவார்கள். விற்கப் போனவர் பணம் கட்டிக்கொண்டே இருப்பார்!

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று தெளிவாகச் சொன்னது. காசை வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். விற்கிறவனிடம் பணம் கேட்கிறவன் வியாபாரி அல்ல. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல், 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும்.

இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். ஐந்து ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் கிடைக்கும் என்று நம்பும் அதே ஜனங்கள், பத்து ரூபாய்க் காசைக் கொடுத்தால் "செல்லாது" என்றார்கள்! பஸ்ஸில் வாங்கவில்லை. கடையில் வாங்கவில்லை. பத்துக் கோடு போட்டது நல்லது, பதினைந்து கோடு போட்டது கள்ளம் என்று ஒரு புரளி. 14 விதமாக வந்த பத்து ரூபாய்க் காசுகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொன்னது. ஆனாலும் பூ விற்கும் பெண்ணும் காய்கறி விற்கும் கிழவியும் பெற்ற காசை மாற்ற முடியாமல் அலைந்தார்கள். செல்லும் காசைச் செல்லாது என்றதும் பொய். சாதாரணக் காசுக்கு லட்சம் என்றதும் பொய். முதல் பொய்யால் அழுதவர்கள் ஏழைகள். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

காருக்கு ஆசைப்பட்ட பையன்

இந்த நோய் நம் நாட்டில் மட்டும் இல்லை.

கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் மலை ஏறுவதற்குக் கொடைரோடில்தான் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய நாட்டில் மிகச் சிறிய காசு 'பென்னி'. செம்பு நிறமாக இருக்கும். யுத்தத்தில் செம்பு தேவைப்பட்டதால், 1943-ல் மட்டும் அதை எஃகில் அடித்தார்கள். ஆம், இங்கே காலணாவில் ஓட்டை விழுந்த அதே வருஷம்!

முந்திய வருஷத்துச் செம்புத் தகடு சில, தவறுதலாக இயந்திரத்தில் தங்கிவிட்டன. அதனால் செம்பிலும் சில 1943 பென்னிகள் வந்துவிட்டன. உடனே ஒரு புரளி. "அந்தச் செம்புப் பென்னியைக் கொண்டுவருகிறவருக்கு ஹென்றி போர்டு கம்பெனி ஒரு புதுக் கார் இனாம் தரும்!" அமெரிக்கப் பிள்ளைகள் எல்லாரும் சில்லறையைக் கொட்டித் தேடினார்கள்.

1947-ல் பிட்ஸ்பீல்டு என்ற ஊரில், டான் லூட்ஸ் என்ற 16 வயதுப் பையன் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து மீதி வாங்கினான். அதில் இருந்தது அந்தச் செம்புப் பென்னி! போர்டு கம்பெனியைக் கேட்டான். "கார் தருவதாக நாங்கள் சொல்லவே இல்லை" என்றார்கள். கஜானாவுக்கு எழுதிக் கேட்டான். "அந்த வருஷத்துப் பென்னி எல்லாம் எஃகுதான்" என்று பதில் வந்தது.

வேறு ஒருவனாக இருந்தால் தூர எறிந்திருப்பான். அவன் எறியவில்லை. தான் சேர்த்த மற்றக் காசுகளோடு அதையும் வைத்துக்கொண்டான்.

அந்தப் பென்னிக்கும் போலிகள் வந்தன. எஃகுப் பென்னிக்குச் செம்பு முலாம் பூசி விற்றார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். எஃகு என்றால் ஒட்டிக்கொள்ளும். செம்பு என்றால் ஒட்டாது.

லூட்சின் காசு ஒட்டவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் அது அவரிடம் இருந்தது. 2018-ல் அவர் காலமானார். 2019 ஜனவரியில் ஏலம் போட்டார்கள். 2 லட்சத்து 4 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அந்தப் பணம் அவருடைய ஊர் நூல் நிலையத்துக்கு என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.